பலகையில் வைத்த கரண்டி

சலோமா கிங்கரிச் முப்பத்தொரு வருஷமாக அடுத்தவர்களைப் பெற்றவர்களுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். ஓஹையோவில் ஒரு நகரத்து முதியோர் இல்லத்தில் அவளுக்கு அதுதான் வேலை. வாயைப் பூட்டிக்கொள்ளும் கிழவர்கள், துப்பும் கிழவிகள், கஞ்சியில் விஷம் கலந்திருக்கிறது என்று அலறுகிறவர்கள், எல்லாரையும் பார்த்தவள். கரண்டியை உதட்டோரம் கொண்டுபோய், தன் வாயையும் லேசாகத் திறந்து காட்டி, எதிராளி மறந்துபோய்த் திறக்கிற அந்த ஒரு நொடியில் உள்ளே தள்ளிவிடுவாள். கற்சிலையைக்கூட ஒரு கிண்ணம் கஞ்சி குடிக்க வைத்துவிடுவாள் என்று அங்கே பேச்சு. சிலை இரண்டாவது கிண்ணமும் கேட்டதாம்.

அப்படிப்பட்டவளால் தன்னைப் பெற்றவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியாது. கொடுக்கத் தெரியாமல் இல்லை. வாங்க அவள் அம்மாவுக்கு அனுமதி இல்லை.

சலோமா பத்தொன்பது வயதில், மின்சாரமும் காரும் வேண்டாம் என்று குதிரை வண்டியோடு வாழ்கிற ஆமிஷ் சபையில் முழங்காலில் நின்று ஞானஸ்நானம் வாங்கியவள். இருபத்திரண்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை படிக்கிறேன் என்று நகரத்துக்குப் போனாள். போனவள் படிப்போடு நிற்கவில்லை. மின்விளக்கின் கீழே உட்கார்ந்தாள், கார் ஓட்டப் பழகினாள், அங்கேயே வேறொரு சபையில் பெயரும் கொடுத்துவிட்டாள். ஞானஸ்நானத்துக்கு முன்னால் போயிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். வாக்குக் கொடுத்துவிட்டுப் போனதுதான் தப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, சபையார் ஒவ்வொருவராகச் சம்மதம் சொல்ல, சலோமா ஒதுக்கி வைக்கப்பட்டாள். சம்மதம் சொன்னவர்களில் அவள் அம்மா ஃப்ரேனியும் ஒருத்தி. குரல் கொஞ்சமும் ஆடவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு சபையைச் சேர்ந்த யாரும் சலோமாவோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. அவள் காரில் ஏறக் கூடாது. அவள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது; அவள் கொண்டுவந்ததை மேசைமேல் வைத்துக் கையை எடுத்த பிறகு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். அவளோடு பேசலாம், சிரிக்கலாம், அவளுக்கு ஒத்தாசை செய்யலாம். அவளிடமிருந்து கை நீட்டி வாங்குவதுதான் ஆகாது.

ஃப்ரேனியின் பிடிவாதத்தைப் பற்றி அந்தப் பக்கத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். ஒருமுறை கோவேறு கழுதை ஒன்று பாலத்தின் நடுவே நகரமாட்டேன் என்று நின்றுவிட்டதாம். ஃப்ரேனி வண்டியை விட்டு இறங்கி, அதன் முன்னால் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சும்மா பார்த்தாளாம். அரை மணி நேரத்தில் கழுதை தானே வீட்டுக்கு நடந்து, தானே கொட்டிலுக்குள் புகுந்து, கதவையும் சாத்திக்கொண்டதாம். அவள் புருஷன் யோஸ்ட் இதற்கு நேர் எதிர். வருஷத்துக்கு ஏழெட்டு வார்த்தைதான். அவர் வாயைத் திறந்தால், வீட்டுக்குள் யாரோ அந்நியன் நுழைந்துவிட்டான் என்று நாய் குரைக்கும். மகளை ஒதுக்கிய வருஷம் அந்த ஏழெட்டையும் அவர் செலவழிக்கவில்லை. நாலு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் ஃப்ரேனிக்குச் சட்டம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு அதன் சந்துபொந்தும் தெரியும். சலோமா வாராவாரம் கடிதம் எழுதினாள். வாங்கலாமா என்று அக்கம்பக்கத்தார் இழுத்தபோது ஃப்ரேனி, "நான் தபால்காரன் கையிலதானே வாங்குறேன்? அவன் என்ன ஒதுக்கி வெச்சவனா?" என்று கேட்டுவிட்டுக் கடிதத்தைப் பிரித்தாள். பதிலும் போட்டாள். மழை, கோழி, யார் வீட்டில் பிறப்பு, யார் வீட்டில் இறப்பு. கடைசி வரி மட்டும் என்றைக்கும் ஒன்றே: இங்கே உனக்கு இடம் இருக்கிறது, வா. வந்து பார்த்துவிட்டுப் போ என்று அதற்கு அர்த்தமில்லை. சபைக்கு முன்னால் முழங்காலில் நின்று, செய்தது தப்பு என்று சொல்லி, இனி இங்கேயே இரு என்று அர்த்தம். மற்ற வரிகளுக்கெல்லாம் பதில் எழுதிய சலோமா அந்த ஒரு வரியை முப்பத்தொரு வருஷமும் தொடாமல் விட்டாள்.

நகரத்தில் அவளுக்கு இரண்டு அறை இருந்தது. கல்யாணம் வாய்க்கவில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் இல்லத்தில் எல்லாரும் விடுப்புக் கேட்பார்கள். கேட்காத ஒரே ஆள் அவள்தான். அன்றைக்குப் பார்க்க யாரும் வராத கிழங்களும் அவளுமாகக் கோழி வறுவலும் உருளைக்கிழங்கு மசியலும் சாப்பிடுவார்கள். சாப்பாட்டு மேசையில் அவளைச் சுற்றி எத்தனையோ தாய்மார்கள் இருந்தார்கள், ஒருத்தியும் அவளுடையவள் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் தம்பி ஏனோஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பண்ணை இப்போது அவனும் மனைவி வெர்னாவும் நடத்துவது. அம்மா, பெரியவர்கள் ஒதுங்கி இருக்கவென்று பண்ணை வீட்டோடு ஒட்டிக் கட்டிய தாத்தா வீட்டில் இருந்தாள். பெயர்தான் தாத்தா வீடு. அந்தப் பக்கத்துத் தாத்தாக்கள் அவசரப்பட்டுப் போய்விடுவார்கள், பாட்டிகள் உட்கார்ந்து இருபது வருஷம் ஆள்வார்கள். கடிதம் இப்படி இருந்தது: "சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. வெர்னாவுக்கு இரட்டைக் குழந்தை, சுகம். ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதாம். ரொட்டிக்கு மாவு பிசையும்போது அம்மா விழுந்துவிட்டாள். வலது பக்கம் வரவில்லை. கறுப்புப் பசு கன்று போட்டது. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை."

வா என்று அவன் எழுதவில்லை. எழுதாமலும் இருக்கவில்லை. சலோமா அத்தனை வருஷம் எடுக்காத விடுப்பையெல்லாம் ஒட்டுமொத்தமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு காரைக் கிளப்பினாள்.

குதிரை வண்டிகளில் போகிறவர்கள் கண்ணில் படாமல் காரைக் களஞ்சியத்துக்குப் பின்னால் நிறுத்தினாள். ஏனோஸ் பால் வாளியோடு வெளியே வந்தான். அவள் போனபோது அவனுக்குப் பதினொரு வயது. இப்போது தாடி நெஞ்சுவரை தொங்கியது.

"வந்துட்டியாக்கா," என்றான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். ஒத்தாசை செய்யலாம் அல்லவா?

உள்ளே ஜன்னலோரம் கை வைத்த நாற்காலியில் ஃப்ரேனி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. வாய் ஒரு ஓரமாகக் கோணியிருந்தது, கண் மட்டும் கோணவில்லை.

"யாருடி அது? கார் சத்தம் கேட்டுச்சு."

"நாந்தாம்மா."

"முழங்கால்ல நிக்க வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?"

"உன்னக் குளிப்பாட்ட வந்தேன்."

ஃப்ரேனி யோசித்தாள். அவள் யோசித்தால் சுவர்க்கடிகாரம்கூட அடிப்பதற்கு முன் அவள் முகத்தைப் பார்க்கும் என்பார்கள்.

"குளிப்பாட்டுறதுன்னா அழுக்க எடுத்துட்டுப் போறது. நீ எங்கிட்டேருந்து எடுக்கிற. நான் உங்கிட்டேருந்து ஒண்ணும் வாங்கல. சரி, தண்ணி காய வை."

அப்படித்தான் சலோமா முப்பத்தொரு வருஷம் கழித்து அம்மாவின் முதுகைத் தொட்டாள். தோள்பட்டை எலும்பு இரண்டும் மடக்கிய சிறகு மாதிரி துருத்திக்கொண்டிருந்தன. தலைமுடியிலே பழைய சோப்பு வாசனை. அவள் எவ்வளவோ முதுகுகளைத் தேய்த்தவள். இந்த முதுகைத் தேய்க்கும்போது கை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது மறந்துபோயிற்று.

"என்னடி, கோழிக்குஞ்சயா தடவுற? தேய்!" என்றாள் ஃப்ரேனி.

சாப்பாடுதான் பெரிய காரியம். ஃப்ரேனிக்கு இடது கை இன்னும் கொஞ்சம் வந்தது. சலோமா கரண்டியில் நூடுல்ஸ் சூப்பை எடுத்து, மேசைமேல் வைத்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொள்வாள். ஃப்ரேனியின் இடது கை மேசைமேல் நத்தை மாதிரி ஊர்ந்து வந்து கரண்டியைப் பிடிக்கும். வாய் போய்ச் சேர்வதற்குள் பாதி துணியில் கொட்டும். ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம். இல்லத்தில் பத்துப் பேருக்கு ஊட்டி முடித்திருப்பாள் அந்த நேரத்தில். அம்மா சாப்பிட்டு முடித்த பிறகு அவள் அடுப்படியில் இருந்த சின்ன மேசைக்குப் போய், ஆறிப்போன சூப்பைத் தனியாகக் குடிப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஏனோஸின் எட்டுப் பிள்ளைகளும் தட்டுகளை உருட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் நீளம். வெர்னாவையும் கைக்குழந்தைகளையும் தவிர எல்லாரும் ஆராதனைக்குப் போய்விடுவார்கள். மூன்று வயல் தாண்டி, யார் வீட்டுக் களஞ்சியத்திலோ, நூற்றைம்பது பேர் இழுத்து இழுத்துப் பாடுவது காற்றில் வரும். ஒரு அடி பாடி முடிப்பதற்குள் அடை வைத்த கோழி குஞ்சு பொரித்துவிடும், அவ்வளவு மெதுவான பாட்டு. ஃப்ரேனி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பாள். சலோமாவுக்கும் பாட்டு மனப்பாடம்தான். பாடினால் சேர்ந்து பாடுவதாகிவிடுமோ என்று அவள் வாயை மூடிக்கொண்டு அவரைக்காய் உரித்தாள்.

பத்து நாளில் இன்னொரு வாதம் வந்து இடது கையையும் எடுத்துக்கொண்டது. பேச்சும் துண்டு துண்டாகிவிட்டது.

முதலில் ஏனோஸ் ஊட்டினான். சலோமா கரண்டியை நிரப்பி மேசைமேல் வைப்பாள். அவன் எடுத்து அம்மாவின் வாயில் வைப்பான். முப்பது பசு வைத்திருப்பவன். அவனுக்கு ஊட்டத் தெரிந்ததெல்லாம் கன்றுக்குட்டிக்குத்தான். அம்மாவின் மோவாயைப் பிடித்துத் தூக்கி, கரண்டியை ஆழமாகத் தள்ளி, தொண்டையைத் தடவிவிட்டான்.

"டேய்... எனக்கு... வாலு இல்லடா," என்றாள் ஃப்ரேனி, புரையேறிக்கொண்டே.

சலோமா பத்து விரலையும் மடியில் கோத்துக்கொண்டாள். ஒரு வாய்க்கு எவ்வளவு, எந்த ஓரமாகப் போட்டால் விழுங்க வரும், எப்போது நிறுத்த வேண்டும், எல்லாம் அந்த விரல்களுக்குத் தெரியும். அவை சும்மா கிடந்தன.

சபைப் பெண்களும் முறை வைத்துக் காலையிலும் மாலையிலும் வந்தார்கள். ஆனால் அது பட்டாணியும் ஸ்ட்ராபெரியும் புல்லறுப்பும் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடிக்கிற மாதம். அந்தக் கோடையில் சோளம் வளர்ந்த வேகத்தில் காக்கை விரட்ட வைத்த பொம்மையின் தொப்பியை ஏணி போட்டு எடுக்க வேண்டியிருந்ததாம். மத்தியானத்தில் யாரும் தலைகாட்ட முடியவில்லை.

ஒரு நாள் மேற்கே வானம் கறுத்தது. அறுத்துக் காயப்போட்ட புல் அத்தனையும் வயலில் கிடந்தது. மழைக்கு முன்னால் அள்ளியாக வேண்டும் என்று ஏனோஸ் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விடியும்போதே போனவன், மத்தியானம் வரவில்லை. மணி ஒன்று, ஒன்றரை. உருளைக்கிழங்கு சூப் ஆறிக்கொண்டிருந்தது. ஃப்ரேனி காலையில் ரெண்டு வாய்தான் விழுங்கியிருந்தாள்.

சலோமா கரண்டியை எடுத்தாள். உதட்டுக்கு அருகே கொண்டு போனாள். இல்லத்தில் செய்கிற மாதிரி தன் வாய் தானாக லேசாகத் திறந்தது. அம்மாவின் வாயும் திறக்கப் பார்த்தது. அந்த ஒரு நொடி வந்துவிட்டது. தள்ளியிருக்கலாம்.

சலோமா தள்ளவில்லை. அவள் கையிலிருந்து எதையும் வாங்கமாட்டேன் என்று சபைக்கு முன்னால் நின்று சொன்னவள் இந்த அம்மா. சொன்னதைப் பசியிலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதைத் தந்திரத்தால் பறித்தால், அப்புறம் இவள் வெறும் நோயாளி. சலோமாவின் அம்மா இல்லை.

"என்னம்மா பண்ணட்டும்? நீயே சொல்லு."

ஃப்ரேனி கரண்டியைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள்.

"வை."

சலோமா கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். ஃப்ரேனி குனிந்தாள். முதுகை வளைத்து, கழுத்தை நீட்டி, தொப்பியின் நாடா சூப்பில் விழ, மேசையில் கிடந்த கரண்டியை நோக்கி வாயைக் கொண்டுபோனாள். எண்பது வயதுக்காரி. கோவேறு கழுதையைப் பார்வையாலேயே வீட்டுக்கு அனுப்பியவள். இப்போது அவளே தொட்டியில் குனிகிற மாடு மாதிரி குனிந்தாள்.

"வேணாம்மா! குனியாத! ஒரு நிமிஷம் இரு!"

சலோமா எழுந்து ஓடினாள். பழ ஜாடிகள் அடுக்கும் மரப்பெட்டி இரண்டு கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தாள். அதன்மேல் மாவு பிசையும் பலகையைக் குறுக்கே போட்டாள். உயரம் போதவில்லை. இன்னொரு ஜோடிப் பெட்டி அடுக்கினாள். பலகை இப்போது அம்மாவின் உதட்டுக்கு நேராக வந்து நின்றது. கரண்டியை நிரப்பி, முனை பலகைக்கு வெளியே ஒரு விரல்கடை நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஃப்ரேனி நிமிர்ந்த முதுகோடு, தலையை அரை அங்குலம் முன்னால் நீட்டி, கரண்டியிலிருந்து உறிஞ்சினாள். விழுங்கினாள்.

"உப்பு... கம்மி," என்றாள்.

சலோமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மழை வந்துவிட்டது. ஏனோஸ் அள்ளி முடித்தானோ இல்லையோ, அவளுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து மூன்று வேளையும் பலகைதான். ஒரே வாரத்தில் சலோமாவுக்குக் கை வந்துவிட்டது: கரண்டியை எவ்வளவு சாய்க்க வேண்டும், கஞ்சிக்கு எந்த உயரம், பீச்சுப்பழக் கூழுக்கு எந்த உயரம் என்று. பலகைக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் தாய். ஒரு முழ தூரம். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்தப் பலகையைத் தாண்ட முடியாது. அம்மாவின் மோவாயில் ஒழுகினால் துடைக்கலாம், அது எடுப்பது. இனிப்பாக ஒரு துண்டை விரலால் ஊட்டிவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் சலோமா விரலைப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள்.

வெர்னா கட்டிலை விட்டு இறங்கி முதல் வேலையாக இதைப் பார்த்துவிட்டாள். பயந்த சுபாவம் அவளுக்கு. ஒதுக்கி வைத்தவளிடம் நெருக்கமாக இருந்தால் நம்மையும் சபை விசாரிக்கும் என்ற பயம்.

"அண்ணி, இது என்ன கட்டடம்? பிஷப் பாத்தா என்ன சொல்வாரு?"

"மேசைன்னு சொல்வாரு."

"உங்க கை அதுலதானே இருக்கு?"

"எடுத்துடறேனே வெர்னா. நீயே பாரு."

வெர்னா பார்த்தாள், ஆனாலும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். மறுநாள் பிஷப் எப்பிராயீம் வந்தார். மற்ற நாட்களில் அவரும் பன்றி வளர்க்கிற விவசாயிதான். பிஷப் யார் என்று சபையில் சீட்டுப் போட்டதில் அவர் பெயர் வந்துவிட்டது, அன்றிலிருந்து தூக்கம் போயிற்று என்று அவரே சொல்வார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பெட்டிகளுக்கு நடுவே பார்த்தார். விரல் நுனியால் பலகையைத் தட்டினார்.

"இது மேசையா, கையா, சொல்லுங்கம்மா," என்றார் ஃப்ரேனியிடம்.

"காலு... எத்தன?... எண்ணு," என்றாள் ஃப்ரேனி.

அவர் எண்ணினார். "நாலு பெட்டி, கீழ மேசைக்கு நாலு காலு."

"கைக்கு... எங்க... எட்டு காலு?"

பிஷப்புக்குத் தாடிக்குள் சிரிப்பு வந்தது. அதைத் தாடிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். பிறகு சலோமாவைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இவ்வளவு பாடு எதுக்கு, சலோமா? வர ஞாயித்துக்கிழமை முழங்கால்ல நில்லு. எழுந்திரிக்கும்போது நான் கை குடுத்துத் தூக்குறேன். அன்னைக்கு மத்தியானமே உன் கையால ஊட்டலாம்."

"நின்னா இங்கயே இருக்கணும்ல, அண்ணே?"

"ஆமா."

"அம்மா போனதுக்கு அப்புறமும்?"

"ஆமா. வாக்குன்னா வாக்குதான்."

"அப்ப என்னால முடியாது அண்ணே. நான் செஞ்சது தப்புன்னு எனக்குத் தோணல. தோணாம நின்னா அது பொய்."

வெர்னா வாசலில் நின்று குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டிருந்தாள். "பெத்தவளக் கனம்பண்ணணும்னு கட்டளையே இருக்கு அண்ணி. அத்தைக்கு இருக்கிற ஆசையே அது ஒண்ணுதான். அதச் செய்யாம குளிப்பாட்டி, துவைச்சுப் போட்டு என்ன புண்ணியம்?"

அது சலோமாவுக்கு நேராகப் போய்த் தைத்தது. அவள் பலகைக்கு முன்னால் வந்து அம்மாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் நிக்கணும்னு உனக்கு ஆசையா?"

"ஆசை," என்றாள் ஃப்ரேனி. கண் நிறைந்தது. துடைக்க அவளுக்குக் கை இல்லை.

"மனசுல இல்லாம நின்னாக்கூட?"

வெர்னாவின் தோளில் குழந்தை தூங்கிவிட்டது. பிஷப் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"பொய்க் கைச் சோறு... கசக்கும்," என்றாள் ஃப்ரேனி. பிறகு, "பலகை... போதும்."

எப்பிராயீம் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "மேசைதான்," என்று வெர்னாவிடம் சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார். சலோமா கண்ணைத் துடைத்துவிட்டாள், அம்மாவுடையதை.

ஆகஸ்டில் வெர்னாவுக்கு உடம்பு தேறிவிட்டது. அவள் நல்ல பெண்தான். "அண்ணி, இனிமே நான் பாத்துக்கறேன். உங்களுக்கும் வேலை இருக்கும்," என்று சொல்லி, ஒரு மத்தியானம் பெட்டிகளை இறக்கிவிட்டு, சோளமாவுக் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து, ஊதி ஆற்றி, மாமியாரின் வாயருகே கொண்டுபோனாள். ஒதுக்கப்படாத கை, தாராளமாக வாங்கக்கூடிய கை.

ஃப்ரேனி வாயை மூடிக்கொண்டாள்.

"அத்தை, ஒரு வாய். நான்தான், வெர்னா."

வாய் திறக்கவில்லை. வெர்னா சூடோ என்று மறுபடி ஊதினாள், உப்போ என்று ருசி பார்த்தாள், கெஞ்சினாள், கொஞ்சம் அழுதும் பார்த்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏனோஸ் வந்து மோவாயைப் பிடித்துப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை சபைப் பெண்களில் இருவர் வந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"பலகை," என்றாள் ஃப்ரேனி கடைசியில்.

வெர்னாவே பெட்டிகளை எடுத்து வந்து அடுக்கினாள். நிமிர்ந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. சலோமாவைப் பார்க்காமலே, "உயரம் சரியா அண்ணி?" என்று கேட்டாள்.

"இன்னும் ரெண்டு விரல் கம்மி. பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்."

அதற்கப்புறம் இரண்டு மாதம் ஃப்ரேனி வேறு யார் கையிலும் ஒரு பருக்கை வாங்கவில்லை. மகள் கையிலும் வாங்கவில்லை. சலோமாவின் விடுப்பு முடிந்துவிட்டது. இல்லத்துக்கு எழுதிப் போட்டாள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

அக்டோபரில் சோளம் அறுக்கிற வாரம். ஃப்ரேனியின் தலை நாற்காலியில் நிற்கவில்லை. கட்டிலில் படுக்க வைத்தார்கள். படுத்தவளுக்கு மேசை ஏது? சலோமா பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டிலோரம் மண்டியிட்டாள். ஒரு ஓரத்தைத் தலையணைமேல் வைத்து, மறு ஓரத்தை இரண்டு கையாலும் தாங்கினாள். அதன்மேல் ஒரு கரண்டி தண்ணீர். உதடு அங்கே எட்டவில்லை. அரை அங்குலம்தான் குறைந்தது, ஆனால் இந்தத் தடவை அந்த அரை அங்குலத்தை ஃப்ரேனியால் நீட்ட முடியவில்லை.

அறையில் ஏனோஸ் இருந்தான், வெர்னா இருந்தாள். பிஷப் எப்பிராயீமும் வந்திருந்தார், கால்மாட்டில் நின்றார். வெர்னாவின் கை கரண்டியை எடுக்க நீண்டது. ஃப்ரேனியின் வாய் மூடிக்கொண்டது. கை திரும்பிப் போயிற்று.

சலோமா பலகையைச் சாய்த்தாள். மெல்ல, மிக மெல்ல. கரண்டி மரத்தின்மேல் நழுவி, நழுவி, உதட்டில் போய் நின்றது. தண்ணீர் உள்ளே போயிற்று.

பலகையைச் சாய்த்தது யார் கை என்று கேட்டிருக்கலாம். கேட்க வேண்டியவர் கால்மாட்டில்தான் நின்றார். அவர் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் நீளுகிற ஜெபத்தை அந்தச் சபையில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. கரண்டி காலியான பிறகுதான் ஆமென் வந்தது.

மறுநாள் விடிந்தபோது ஃப்ரேனி இல்லை.

பெண்கள் வந்து அவளுக்கு வெள்ளை உடுப்பு உடுத்தினார்கள். ஐநூறு பேர் வந்தார்கள். களஞ்சியத்தில் மூன்று மணி நேரம் பிரசங்கம், வயலோரம் அடக்கம், பிறகு நீண்ட மேசைகளில் ரொட்டியும் குளிர்ந்த இறைச்சியும். சலோமாவுக்கு ஜன்னலருகே ஒரு சின்ன மேசை. வந்தவர்களெல்லாம் போகிற போக்கில் நின்று நல்ல வார்த்தை சொன்னார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

அடுத்த நாள் காலை அவள் காரைக் களஞ்சியத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். ஏனோஸ் பெட்டியைப் பின்னால் வைத்துக் கதவைச் சாத்தினான். போயிட்டு வா என்று சொல்வதற்குப் பதிலாக அவன் காரோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தான். பண்ணையிலிருந்து பெரிய சாலைக்கு அரை மைல் மண்பாதை. அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, முதல் கியரிலேயே, அவன் நடைக்கு ஊர்ந்தாள். அறுத்த சோளக்காடு இரு பக்கமும் மொட்டையாகக் கிடந்தது.

"குளிரா இருக்கே, கார்ல ஏறிக்கயேன்டா," என்றாள், ஏறமாட்டான் என்று தெரிந்தே.

"நடக்கறது நல்லதுக்கா."

பாதி தூரம் போயிற்று. பேச்சில் அவன் தகப்பனைக் கொண்டவன்.

"அம்மா கடைசி வரைக்கும் உங்கிட்டதான் சாப்பிட்டா," என்றான் திடீரென்று.

"பலகைகிட்டடா."

ஏனோஸ் பத்தடி நடந்தான். "முப்பது வருஷமா மாடு வளக்கறேன்க்கா. எது யார்கிட்ட சாப்பிடுதுன்னு எனக்குத் தெரியாதா?"

சாலை வந்துவிட்டது. அவன் காரின் கூரைமேல் உள்ளங்கையை வைத்தான். ஏறத்தான் கூடாது, தொடக் கூடாதென்று எங்கேயும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு எடுத்துக்கொண்டான்.

சலோமா இடமும் வலமும் பார்த்தாள். வண்டி எதுவும் வரவில்லை. இரண்டாவது கியருக்கு மாற்றினாள்.